தீவகத்துச் செடிகொடிகளும் வந்தேறு களைகளும்

காரைச்செடி செறிந்திருந்தமையாற் காரைதீவு என வழங்கப்பெற்ற தீவே பின்னாளிற் காரைநகர் என்னும் பெயரைப் பெற்றது. புங்குடுதீவின் பெயருக்குப் புங்கமரத்தைக் காரணமாகக் கூறுவோர் உளர். ஊர்காவற்றுறைக்கு அணித்தாயுள்ள புளியங்கூடல் புளியின் பெயரையும், மன்னார்ப் பகுதியிலுள்ள விடத்தல்தீவும் எருக்கலம்பிட்டியும் முறையே விடத்தலின் பெயரையும் எருக்கலையின் பெயரையும் இன்றுவரை தாங்கி நிற்கின்றன. நம் முன்னோர் தாம் குடியேறிய நிலத்தை அதன் செடிகொடிகளால் அறிந்தனர். அறிந்ததைப் பெயராக்கி நமக்கு விட்டுச் சென்றனர்.

பெயர் நிலைத்தது, அறிவு நிலைத்ததா என்பதே வினா. காரைநகரைச் சேர்ந்த மாணவனொருவனைக் காரைச்செடியைக் காட்டுமாறு கேட்டால், அவன் தயங்குவானாயின் அது அவன் குற்றமன்று. 1990 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் நேர்ந்த இடப்பெயர்வுகளால் வேலணை, புங்குடுதீவு, காரைநகர் முதலிய தீவுகளின் மக்களிற் பெரும்பகுதியினர் தம் வளவுகளை விட்டு நீங்கினர். பாட்டனாரோடு சென்று ஆட்டுக்குக் குழை ஒடித்துப் பழகியிருக்கவேண்டிய ஒரு தலைமுறை, கொழும்பிலும் வன்னியிலும் கடல்கடந்த நாடுகளிலும் வளர்ந்தது. ஆளில்லா வளவுகளிற் பற்றை மண்டியது. மீண்டு வந்தோர் முதலிற் செய்யும் வேலை அப்பற்றையை அகற்றுதலே. மண் அகழும் இயந்திரம் ஒரே நாளில் ஒரு வளவை வெறுந்தரையாக்கிவிடும். அதன் முன்னே காரையும் ஒன்றே, வந்தேறிய முட்செடியும் ஒன்றே. அவ்வெறுந்தரையில் அடுத்த மாரிக்கு முந்தி முளைப்பது பெரும்பாலும் களையாகவே இருக்கும். காக்கவேண்டியதை அழித்து, அழிக்கவேண்டியதற்கு நாமே இடம் ஒழித்துக் கொடுக்கின்றோம்.

களையை ஒழிக்க விரும்புவோர் களை அல்லாததை முதலில் அறிதல் வேண்டும். இக்கட்டுரை கூறப் புகுந்தது இது ஒன்றையே.

நிலமும் நீரும்

தீவகம் சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் மெல்லிய மண் போர்த்த நிலம். இங்கே மலையுமில்லை, ஆறுமில்லை. ஆண்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி மழையாகவே கிடைக்கின்றது. எஞ்சிய மாதங்களில் வெயிலும், சோளகக் காற்றும், அக்காற்று வாரிவரும் உப்புத் துளியும் நிலத்தை வாட்டுகின்றன. பெய்த மழை கற்பிளவுகளின் வழியே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. அதுவே நம் கிணறுகளிலுள்ள நன்னீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். நிலத்தின்மேற் கொட்டிய நஞ்சு தடையின்றிக் கீழிறங்கும். இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்வாராக. களை ஒழிக்கும் முறையைத் தெரிந்தெடுக்கும்போது இதுவே நமக்கு வழிகாட்டுவது.

இத்தகைய நிலத்திற் பன்னெடுங்காலம் வாழ்ந்த செடிகள் நீரைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றவை. சில இலையைச் சிறிதாக்கின, சில தடிப்பாக்கின, சில கோடையில் இலையை உதிர்த்து உறங்கின. ஆட்டின் வாய்க்குத் தப்பும்பொருட்டுப் பல முள் தரித்தன.

நம்முடைய செடிகளை இனங்காணல்

களையென மயங்கி வெட்டப்படுபவை பெரும்பாலும் முட்செடிகளே. ஆதலின் அவற்றின் அடையாளங்களை முதலிற் கூறுவாம்.

காரைச்செடியின் இலைகள் இணையிணையாக எதிரெதிரே அமைந்திருக்கும். முட்களும் அவ்வாறே கணுக்களில் எதிரெதிராக நேரே நீண்டு நிற்கும். அதன் கனி பழுத்ததும் மஞ்சள் நிறமாகும், சிறுவர் பறித்துண்பர். இசங்கு எனப்படும் சங்கஞ்செடி தாழ்ந்து படர்ந்த பற்றை. அதன் கணுவிற் பெரும்பாலும் நான்கு கூரிய முட்களும், கனிந்தபோது வெண்மணி போன்ற சிறு கனிகளும் காணப்படும். இலந்தையின் இலை மேலே பசுமையாகவும் கீழே மென்மயிர் படர்ந்து வெளிறியும் இருக்கும். அடியிலிருந்து மூன்று நரம்புகள் ஓடும். இரண்டு முட்களில் ஒன்று நேரானதாகவும் மற்றது வளைந்ததாகவும் அமையும்.

விடத்தல் ஒன்றே மிகவும் மயக்கந் தருவது. அதன் சிற்றிலைகள் கருவேலின் இலைகளை ஒத்தவை. பூத்த காலத்தில் மயக்கமில்லை. தொங்கும் ஒரே பூங்கதிரில் மேற்பாதி இளஞ்சிவப்பாகவும் நுனிப்பாதி மஞ்சளாகவும் இருக்கும். காய்கள் முறுகிச் சுருண்டு கொத்தாகத் திரண்டிருக்கும். முள்ளோ தனித்த சிறு கிளையின் நுனியே கூர்மையடைந்தது. சில வேளை அம்முள்ளிலேயே இலை துளிர்த்திருப்பதைக் காணலாம். இவ்வடையாளங்கள் பின்னர்ப் பயன்படும்.

கடற்கரைக்குச் சென்றால், மணலைக் கட்டி நிறுத்தும் இராவணன்மீசைப் புல்லும், ஆட்டுக் குளம்பு போற் பிளந்த இலையும் ஊதாநிறப் பூவுமுடைய அடம்பன் கொடியும் முதலில் எதிர்ப்படும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்னும் பழமொழி கரையோரத்து அனுபவத்திற் பிறந்ததாதல் வேண்டும். தனிக்கொடியைக் காற்று புரட்டும், திரண்ட கொடி மணல்மேட்டையே பிணித்து நிறுத்தும். உவர்ச் சேற்றில் உமரியும், அலையடிக்கும் களப்போரத்திற் கண்டலும், அதற்கு அணித்தே தில்லையும் வளர்கின்றன. தில்லையின் பால் கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு விளைக்கும். எனினும் அச்சங்கொண்டு அதனை வெட்டவேண்டியதில்லை; விலகி நின்றால் அது யாரையும் வருத்தாது. கரையைக் காப்பன இவையே.

உயரத்தாற் சிறியதாயினும் வரலாற்றாற் பெரியது சாயவேர். மணற்பாங்கான தரையிற் படிந்து, குறுகிய இலையும் சிறு வெண்பூக்களும் தாங்கி நிற்கும் இப்பூண்டின் வேர் துணிக்குச் செந்நிறம் ஊட்டவல்லது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணப் பகுதியிலும் மன்னாரிலும் இவ்வேரைத் தோண்டுதல் அரசுக்கு வருவாய் தரும் தொழிலாயிருந்தது. இன்று அதன்மீது கால்வைத்து நடப்போர் அதன் பெயரையும் அறியார்.

இப்பெயர்கள் எழுத்திலேறாமற் போகவில்லை. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி திறைமன் என்பார் 1893 இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலிற் செடிகளின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் குறித்துள்ளார். நம் நாட்டுப் பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் மூலிகைப் பெயர்களைப் பேணின. எனினும் ஏட்டிலுள்ள பெயரை நிலத்திலுள்ள செடியோடு பொருத்திக் காட்டுதற்கு, செடியை அறிந்த ஒருவர் நேரிற் சுட்டிக்காட்டவேண்டும்.

வந்தவையெல்லாம் பகையல்ல

அந்நிய நாட்டிலிருந்து வந்த செடிகளையெல்லாம் பகையெனக் கொள்ளுதல் தகாது. நெடுந்தீவிலே காண்போரை வியக்கச் செய்யும் பெருக்கமரம் ஆபிரிக்காவிற்குரியது. அராபிய வணிகர் கொண்டுவந்ததென்பர். எத்தனையோ காலமாய் நின்றும் அது தீவை நிரப்பவில்லை. மிளகாயும் புகையிலையும் பப்பாசியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்துக் கமக்காரனின் வாழ்வே ஒருகாலத்திற் புகையிலையைத் தாங்கி நின்றது. காயத்துக்குச் சாறு பிழியும் வெட்டுக்காயப்பூண்டும் அமெரிக்கச் செடியே.

அவ்வாறாயின் எதனை வந்தேறு களை என்போம்? மனிதர் துணையின்றித் தானே பரவி, பிற செடிகளுக்கு இடமின்றிச் செய்து, நிலத்துக்கும் நீருக்கும் உயிர்க்கும் கேடு விளைப்பதே அது. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு செடி தன் தாய்நாட்டில் அதனையே உண்ணும் பூச்சிகளாலும் நோய்களாலும் அடக்கப்பட்டிருக்கும். கடல்கடந்து வரும்போது செடி வருகின்றது, பகை வருவதில்லை. இதனை விளக்குதற்கு நாகதாளியின் வரலாற்றினும் சிறந்த சான்று வேறில்லை.

நாகதாளி கற்பித்த பாடம்

சப்பாத்திக்கள்ளி எனப்படும் நாகதாளி அமெரிக்கச் செடி. தட்டையான தண்டுகளும் ஊதாச்சிவப்புக் கனியும் உடையது. நம் நாட்டுச் சதுரக்கள்ளியோடு அதனை மயங்குதல் வேண்டா. சதுரக்கள்ளியின் தண்டு விளிம்புகளோடு கூடியது. கீறினால் வெண்பால் வடியும். நாகதாளியிற் பால் இல்லை.

1795 இல், செஞ்சாயம் தரும் பூச்சியை இந்தியாவில் வளர்க்க விரும்பி, பிரேசில் நாட்டிலிருந்து ஒரு பூச்சியை வருவித்தனர். வந்தது விரும்பிய இனமன்று. அதன் சாயமும் தாழ்ந்தது. ஆனால் அது ஒருவகை நாகதாளியை உண்டு அழித்தது. இதனைக் கண்டோர் 1830-களில் அப்பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொணர்ந்தனர். 1863 இல் அது இலங்கைக்கும் கொணரப்பட்டது. களையை ஒழித்தற்கென்றே பூச்சியொன்று கடல்கடந்து கொண்டுசெல்லப்பட்ட தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இது ஒன்று என உலகத் தாவரவியலார் இன்றும் போற்றுகின்றனர்.

எனினும் வேறொருவகை நாகதாளி அப்பூச்சிக்கு அடங்கவில்லை. பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும் இனம் வேறு. ஆதலின் அதற்குரிய பகையும் வேறு. வட அமெரிக்காவுக்குரிய மற்றொரு பூச்சி இலங்கைக்கு வந்து, 1926 இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குச் சென்றது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் நிலம் நாகதாளியின் பிடியிலிருந்து மீண்டது. தமிழ்நாட்டு வறள்நிலக் கமக்காரருக்கு நம் தீவு அனுப்பிய உதவியாகவும் இதனைக் கருதலாம். இவ்வரலாறு கற்பிப்பது ஒன்றே: இனத்தைப் பிழையாக அறிந்தவன் மருந்தையும் பிழையாகவே தேர்வான்.

பார்த்தீனியம்

இக்காலத்திற் பெரிதும் அஞ்சவேண்டிய களை பார்த்தீனியம். மெக்சிக்கோவையும் அதனைச் சூழ்ந்த நாடுகளையும் தாயகமாகக் கொண்ட இப்பூண்டு, 1950-களின் நடுப்பகுதியில் இந்தியாவின் புனே நகரிற் காணப்பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு வந்ததென்பது பொதுக்கருத்து. இலங்கையில் 1999 இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1987 இல் வந்த இந்திய அமைதிப்படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அதன் வித்து வந்திருக்கலாமென ஆய்வாளர் கருதுகின்றனர். பின்னர் அது யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களிலும் தெருவோரங்களிலும் பரவியது.

அதன் அடையாளங்கள்: இளமையில் இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும், இலை கரட் இலைபோல ஆழப் பிளவுபட்டது. பின் நடுவே தண்டு எழுந்து கிளைத்து, ஆளின் மார்பளவும் உயரும். உச்சியிற் சோற்றுப்பருக்கை போன்ற சிறு வெண்பூக்கள் நிறைந்திருக்கும். முளைத்து ஒன்றரை மாதத்துக்குள்ளேயே பூக்கவல்லது. ஒரே செடி பல்லாயிரம் வித்துக்களைச் சிந்தும். மண்ணுட் புதைந்த வித்துப் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். இதன் நச்சுப்பொருள் அயலிலுள்ள பயிரின் முளைப்பைத் தடுக்கும். தொட்டோர் சிலருக்குத் தோலிற் சொறியையும், மகரந்தத்தைச் சுவாசித்தோர் சிலருக்கு இழுப்பையும் விளைக்கும். இதனைத் தின்ற பசுவின் பால் கைக்கும்.

நெடுந்தீவை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும். அங்கே கட்டாக்காலிக் குதிரைகளும் மாடுகளும் மேயும் புல்வெளியே அவற்றின் உயிர். 2015 இல் அத்தீவின் ஒருபகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடையில் நீரும் புல்லும் அருகும் அவ்வெளியிற் புல்லிருக்கும் இடத்தைப் பார்த்தீனியம் கவர்ந்துகொள்ளுமாயின், அறிவித்தல் ஏட்டில் இருக்கும், குதிரை இராது.

சீமைக்கருவேல்

இந்தியாவிலே 1877 இல் விறகுக்கென விதைக்கப்பட்ட சீமைக்கருவேல் பின்னர்த் தமிழ்நாட்டின் இராமநாதபுரம் முதலிய வறள் மாவட்டங்களை முட்காடாக்கியது. இலங்கையில் 1950-களில் உவர்நிலத்தைத் திருத்தும் நோக்கத்தோடு அம்பாந்தோட்டைப் பகுதியில் நடப்பட்டது. இன்று புந்தல தேசிய பூங்காவில் நீர்ப்பறவைகளின் வெளிகளை அது நெருக்குகின்றது. மன்னார்ப் பகுதியிலும் அது உண்டு. உவரையும் வறட்சியையும் தாங்கும் இம்மரத்துக்குத் தீவக நிலம் மிகவும் ஏற்றது. ஆதலின் முன்னெச்சரிக்கை வேண்டும்.

விடத்தலோடு இதனை மயங்காதிருக்க முன்கூறிய அடையாளங்கள் உதவும். சீமைக்கருவேலின் பூங்கதிர் முழுதும் ஒரே மஞ்சட்பச்சை நிறமுடையது, இருநிறம் இல்லை. காய் சுருளாது, வைக்கோல் நிறத்தில் நீண்டு தொங்கும், சதை இனிக்கும். கணுவில் முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமையும். அவ்வினிய காயை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். வித்துச் செமியாது சாணத்தோடு வெளிவந்து, எருவோடு சேர்ந்தே முளைக்கும்.

களையும் முறை

பார்த்தீனியத்தைக் களைய ஏற்ற காலம், மாரியின் முதன்மழைக்குப் பின் மண் ஈரமாயிருக்கும் நாட்கள். பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குதல் வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கையுறையும் முகமூடியும் நீண்ட சட்டையும் இன்றி எவரும் இதனைத் தொடலாகாது. இழுப்பு நோயுள்ள மாணவரைச் சிரமதானத்துக்கு அழைத்தல் தவறு. பூவாத செடியைக் கூட்டெருவுக்கு இடலாம். பூத்த செடியைப் பையிலிட்டு, வித்துச் சிந்தாமற் கொண்டுசென்று ஆழப் புதைத்தல் நன்று. ஒருமுறை பிடுங்கியதோடு கடமை முடிந்ததென எண்ணுதல் பெரும்பிழை. மண்ணிலுள்ள வித்துத் தீரும்வரை ஆண்டுதோறும் தொடர்தல் வேண்டும்.

தரிசு நிலங்களில் உப்புக் கரைசலைத் தெளித்து இக்களையைக் கருகச் செய்யும் முறை சில இடங்களிற் கைக்கொள்ளப்படுகின்றது. களைகொல்லி மருந்துகளும் உள. பிற இடங்களுக்கு அவை பொருந்துமாயினும், தீவகத்தின் நன்னீர்ப் படலம் முன்னர்க் கூறியவாறு மெல்லியது. கிணற்றை இழந்து களையை வெல்லுதல் வெற்றியாகாது. நமக்குரிய கருவிகள் கையும் மண்வெட்டியும் அலவாங்குமே.

சீமைக்கருவேலைத் தரைமட்டத்தில் வெட்டுவது அதனைப் பலகிளையாக வளர்ப்பதேயாகும். கன்றாயிருக்கும்போதே மண்ணை அகழ்ந்து, துளிர்க்கும் வேர்க்கழுத்தோடு பெயர்த்தெடுக்க வேண்டும். வளர்ந்த மரமாயின் முதலிற் காயைப் பொறுக்கி எரித்து, ஆடுகளை விலக்கி, அதன்பின் அடியைத் தோண்டுக.

இவற்றினும் முதன்மையானது, களைந்த இடத்தை வெறுமையாய் விடாமை. ஆவரசும் தகரையும் நெருக்கமாக வளர்ந்தால் பார்த்தீனியத்துக்கு ஒளியும் இடமும் குன்றும். தகரையை இவ்வாறு பயன்படுத்தும் முறை இந்தியாவிற் கையாளப்பட்டுள்ளது. மெக்சிக்கோவிலிருந்து வருவிக்கப்பட்டு 1984 இற் பெங்களூரில் விடப்பட்ட வண்டொன்றும் அங்கே ஓரளவு உதவுகின்றது. அத்தகைய உயிர்களை நாம் தாமாகவே கொணர்தல் கூடாது. அது அரச ஆய்வுநிலையங்கள் சோதித்துச் செய்யவேண்டிய பணி. வேலியில் கிளுவையும் பூவரசும், வெளியில் இலந்தையும் காரையும், கரையில் அடம்பனும் நிற்குமாயின் வந்தேறிக்கு நுழைய இடம் அரிது.

இறங்குதுறையே வாயில்

தீவுக்கு இயற்கை அளித்த வேலி கடல். தாம்போதிகளால் வேலணையும் புங்குடுதீவும் காரைநகரும் குடாநாட்டோடு இணைந்துவிட்டன. நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் எழுவைதீவும் இன்றும் படகு சென்றே அடையவேண்டியவை. இத்தீவுகளுக்குக் களைவித்து வரும் வழிகள் எண்ணத்தக்கனவே: கட்டடத்துக்கு ஏற்றும் மணல், தோட்டத்துக்கு ஏற்றும் எரு, மாட்டுக்கு ஏற்றும் வைக்கோல், விலைக்கு வாங்கிய ஆடு. இவையனைத்தும் குறிகட்டுவான் முதலிய சில இறங்குதுறைகளின் வழியாகவே செல்கின்றன.

ஆதலின் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள. பார்த்தீனியம் உள்ள இடத்து மணலையும் எருவையும் தீவுக்கு ஏற்றாதிருத்தல். வாங்கிவந்த ஆடுமாடுகளை ஒருகிழமை ஓரிடத்திற் கட்டி, அவ்விடத்து முளைப்பனவற்றைக் கவனித்தல். மாரி தொடங்கியதும் இறங்குதுறையின் இருமருங்கும், தெருவோரங்களிலும், ஆனி மகோற்சவத்துக்கு அடியார் திரளும் நயினாதீவில் அவர் தங்கிய இடங்களிலும் ஒருமுறை சுற்றிப் பார்த்தல். முதற்செடியைக் கண்டு பிடுங்குவோன் ஒருவன் போதும். ஆயிரமாவது செடிக்கு ஊரே திரண்டாலும் போதாது.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும்

நம் கல்லூரி மாணவர் தத்தம் ஊரிலுள்ள முதியவர் ஒருவரோடு ஒருநாள் நடந்து, அவர் சுட்டும் செடிகளின் பெயர், பயன், அடையாளம் ஆகியவற்றை எழுதி, ஒரு சிறு கிளையைத் தாளினிடையே உலர்த்தி ஒட்டி வைப்பாராயின், சில ஆண்டுகளிற் கல்லூரியிலே தீவகத் தாவரங்களின் தொகுதியொன்று உருவாகும். ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறுபடின் எல்லாவற்றையும் எழுதுக. இப்பணிக்கு வேண்டுவது பழைய செய்தித்தாளும் பொறுமையும் ஆகும். காலத்தை மட்டும் கடத்தலாகாது. சுட்டிக்காட்டவல்லோர் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர்.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். தாய்வளவைத் துப்புரவு செய்யுமாறு பணம் அனுப்பும்போது, இயந்திரத்துக்குரிய கூலியோடு இன்னொரு நாட்கூலியையும் சேர்த்து அனுப்புக. செடியறிந்த முதியவர் ஒருவர் அவ்வளவைச் சுற்றி நடந்து, காக்கவேண்டிய காரையிலும் இலந்தையிலும் விடத்தலிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டட்டும். இயந்திரம் அதன்பின் வரட்டும்.